அண்ணன் கொடுத்த பவர்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீடு அக்னஸ் அக்காவுடையது. உடையது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். உண்மையில் அது அவர் அண்ணன் வேதநாயகத்தின் வீடு. துறைமுக ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் கட்டாதவர். கணவர் இறந்தபின் அக்கா இங்கே வந்து அண்ணனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

முட்டிவலியால் படியிறங்க முடியாமல் போனதும், வீட்டு வரி, பேங்க் வேலை எல்லாவற்றையும் தங்கையே பார்க்கட்டும் என்று அண்ணன் பவர் எழுதிக் கொடுத்தார். அதைத் தயார் செய்த வழக்கறிஞர் ரொஸ்னா அன்றைக்கே விவரம் சொல்லியிருக்கிறார். யார் காதில் வாங்கியது? நம் ஆட்களுக்குப் பவர் என்றாலே சொத்து கைமாறிவிட்ட நினைப்பு. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன், "வீடு அக்னஸுக்குத்தான், பவர் குடுத்தாச்சு லா" என்பார். உயில் எதற்கு என்று சிரிப்பார்.

ஈரலில் புற்று என்று தெரிந்தபோது முற்றிப்போயிருந்தது. ஏதோ சந்தேகம் வந்து அக்கா ரொஸ்னாவிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"அக்கா, அண்ணன் உசுரோட, நல்ல நெனவோட இருக்கிற வரைக்கும்தான் இந்தப் பவர். கண்ண மூடிட்டா இது செல்லாது. வீடு ஒங்களுக்கு வரணும்னா அவர் உயில் எழுதணும். கூப்பிடுங்க, நானே வீட்டுக்கு வரேன்."

உயில் கேட்டால், சாகப் போகிறாய் என்று நாமே வாய்விட்டுச் சொல்வதாகிவிடும் என்று அக்கா பயந்தார். கேளுங்கள் என்று நான் சண்டையே போட்டேன். கஞ்சி கொடுக்கும்போது கேட்கிறேன் என்பார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சும்மா வருவார். ஒருநாள் அண்ணனே, வீட்டுக் காரியமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாராம். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் அழுதார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

பங்குச் சாமியார் வந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுத்தார். சாகக் கிடப்பவர்களுக்குத்தான் அது என்று பழைய ஆட்கள் நினைப்பார்கள். அண்ணன் பயந்துவிடுவாரோ என்று அக்கா என்னோடு கதவோரமே நின்றார். அண்ணன் நெற்றியைக் காட்டினார். பிறகு சொல்லாமலே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து எண்ணெய்க்கு நீட்டினார். ஜெபத்தையும் பிசகாமல் சொன்னார். அந்த வாரமே போய்விட்டார்.

உயில் இல்லை. சட்டப்படி பாதி அக்காவுக்கு, பாதி அவர்கள் இருவருக்கும் இளைய தம்பி டெரிக்குக்கு. ஜுருவில் கார் வியாபாரம் செய்யும் டெரிக் கெட்டவன் இல்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விற்றுவிடலாம் என்றான். அவன் பங்கை வாங்கிக்கொள்ள அக்காவிடம் வசதியில்லை.

சாமான் கட்டும் நாளில் உதவிக்குப் போனேன். அண்ணனின் வெறுங்கட்டிலில் அக்கா உட்கார்ந்திருந்தார். டெரிக்மேல் கோபமா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார்.

"அண்ணனுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு, ரமணி. எண்ணெய்க்குக் கைய நீட்டினாரே, நீயும் பாத்தியே. அந்தக் கையில நான் பேனாவக் குடுத்திருந்தா வாங்கியிருப்பாரு."