கார்ல் என்கிற மனுஷன்

என் ஒரே மகள் ஸ்வீடனுக்கு வேலைக்குப் போனவள், அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் கார்ல்சன் என்று இருந்தது. கார்லின் மகன் என்று அர்த்தமாம். சரி, நம்ம இனிஷியல் மாதிரிதான் என்று எடுத்துக்கொண்டேன். முதல் வீடியோ காலில் சம்பந்தியைப் பார்த்ததும் எழுந்து நின்று, மிஸ்டர் கார்ல், உடம்பு சௌக்கியமா என்று என் ஆபீஸ் ஆங்கிலத்தில் விசாரித்தேன்.

மனுஷன் திருதிருவென்று விழித்தார். அவர் பெயர் வேறாம். அவருடைய அப்பா, தாத்தா பெயரும் கார்ல் இல்லையாம். முன்பெல்லாம் அங்கேயும் தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர்தான் மாறி மாறி வந்திருக்கிறது. பெண்ணாக இருந்தால் இன்னார் மகள் என்று. பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் பெயர் மாறாமல் அப்படியே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் இருந்தவர் கார்ல். அவர் யார் என்று கேட்டேன். தெரியாது, விவசாயியாக இருக்கலாம் என்று சிரித்தார். எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் முழுக்க இதைச் சொல்லி என் மானத்தை வாங்கினாள் என் மனைவி.

எனக்கோ அந்தக் கார்ல் மனசை விட்டுப் போகவில்லை. மத்தியானம் ஃபேனுக்கடியில் கண் அசந்தால் வந்துவிடுவார். பனியில் நடந்துகொண்டே இருப்பார். முகம் மட்டும் தெரியாது. ஒருநாள் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில், ஊருக்குப் போகிற பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவே அவர் மூட்டையோடு நிற்பது போலவே இருந்தது. எந்த ஊருக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிறார், பாவம். பார்த்துக்கொண்டே என் பஸ்ஸைக் கோட்டை விட்டேன்.

சொன்னால் வெட்கம், என் கவலை வேறு. எனக்கு ஆண் பிள்ளை கிடையாது. கல்யாணமானால் நம் பெண்கள் அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுப் புருஷன் இனிஷியலைப் போட்டுக்கொள்வார்கள். இவளும் கார்ல்சன் ஆகிவிட்டால் என் பெயர் என்னோடு போச்சு. கேட்கத்தான் வாய் வரவில்லை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வீடியோ காலில் கூப்பிட்டாள்.

"அப்பா, நான் பேரை மாத்தல. பாப்பாவுக்கும் உங்க பேர்தான் சர்நேம். அவரும் சரின்னுட்டாரு. இங்க இனிமே அது அப்படியே போகும்."

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. என் பெயரைத் தூக்கிக்கொண்டு யார் யாரோ அந்தப் பனியில் நடப்பார்கள். இது யார் பெயர் என்று எவராவது கேட்டால், தெரியாது என்று சிரிப்பார்கள்.

"பேரு இருக்கட்டும்மா. நான் யாருன்னும் அவகிட்ட சொல்லு."

"சொல்றேன்ப்பா. என்ன சொல்லட்டும்?"

யோசித்தேன். அத்தனை வருஷம் ஆபீஸ் போய் வந்ததில் சொல்கிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை.

"நீ ஸ்கூல் போறப்போ நான்தான் உனக்குத் தலை பின்னிவிடுவேன். கோணலாத்தான் வரும். அதைச் சொல்லு."

அவள் சட்டென்று ஃபோனைக் கட்டிலில் வைத்துவிட்டாள். வெகுநேரம் அந்த வீட்டு சீலிங் மட்டும் தெரிந்தது.