ரீச்சர் வீட்டுச் சொக்லேற் கேக்

அன்ரனிட்டா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அவள் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது. ஊர்காவற்றுறையில் அவளிடம் மீன் வாங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று யார் தலையிலும் அவள் கட்டியதில்லை. "அக்கா, இது நேற்றையது, வாங்காதேங்கோ" என்று தானே வாயைத் திறந்து சொல்லிவிட்டு, பிறகு புருசன் அம்புறோசிடம் நல்லாய் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

பிறந்தது மெலிஞ்சிமுனையில், வாழ்க்கைப்பட்டு வந்தது ஊர்காவற்றுறைக்கு. தகப்பனுக்கும் கடல், புருசனுக்கும் கடல். குமர்ப்பிள்ளையாய் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் சிஸ்டர்மார் நடத்திய ஆறு மாத வகுப்பில் கேக் அடிக்கப் பழகினாள். கலியாணமாகிப் பத்து வருசம் கழித்து, கொழும்புக்கு வீடு மாறிப்போன ஒரு குடும்பத்திடம் பழைய ஓவன் ஒன்றை வாங்கினாள். அன்றிலிருந்து பங்குக் கோயிலில் ஞானஸ்நானமோ, முதல்நன்மையோ, நத்தாரோ, கேக் அவளுடையதுதான். நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அது. காலையில் மீன் வெட்டிய கையைத் தேசிக்காய் தேய்த்துக் கழுவிவிட்டு, குசினியின் மறுமூலையில் துணி விரித்து மேசை போட்டு, அங்கே வேறொரு பெண்ணாய் நிற்பாள்.

அந்தக் கேக் சைவசமயக்காரர் வீட்டுப் பக்கம் போனதில்லை. அவர்களுக்குத் தேவையென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வரும். ஆகவே கமலாதேவி ரீச்சர் ஒரு நாள் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது அன்ரனிட்டாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊர் முழுக்க அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும்.

"அன்ரனிட்டா, இவருக்கு வாற புதன்கிழமை எழுபத்தைஞ்சு. மகள் கனடாவில இருந்து இதை அனுப்பிவிட்டிருக்கிறா. இதில ஒரு சொக்லேற் கேக் அடிச்சுத் தர ஏலுமோ?"

பையிலிருந்து எடுத்தது கனத்த தட்டு. நடுவில் ஒரு குழாய், சுற்றிவர ஆழமான வரிவரியான பள்ளம். போனில் படமும் இருந்தது. மாலை சுற்றி வைத்த மாதிரி ஒரு கேக், அதன் மேலே சொக்லேற் வழிந்து பள்ளம் பள்ளமாய் இறங்கியிருந்தது. பண்ட் கேக் என்று பெயராம்.

"ஏலும் ரீச்சர்" என்றாள் அன்ரனிட்டா. அப்படி ஒரு தட்டை அவள் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

"ஒரே ஒரு விசயம். முட்டை போடக்கூடாது. நான் நேர்த்தியில நிக்கிறன்."

நேர்த்தி என்னவென்று ஊருக்கே தெரியும். ரீச்சருக்கு ஒரே மகள், நிசாந்தினி. கலியாணமாகி ஒன்பது வருசம், பிள்ளை இல்லை. ஒரு வருசம் மச்சம் தொடுவதில்லை, மாதத்தின் முதல் வெள்ளிகளில் நயினாதீவு அம்மனிடம் போய் வருவது என்று ரீச்சர் நேர்ந்திருந்தார். மீன், இறைச்சி, முட்டை எல்லாம் சேர்ந்ததுதான் மச்சம். பதினொரு மாதம் முடியப்போகிறது. இனி ஒரே ஒரு வெள்ளிதான் பாக்கி.

அன்ரனிட்டாவுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவளும் முதல் வெள்ளிக்காரிதான். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இயேசுவின் திருஇருதயத்துக்கு ஒன்பது முதல் வெள்ளி விடாமல் பூசை கண்டவள். ஏழாவது வெள்ளியில் காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஒன்று தவறினால் கணக்கு இல்லை, திரும்ப ஒன்றிலிருந்துதான். தொடங்கினாள், முடித்தாள். அவளுக்குத் தெரியாத விசயமா இது?

புதன்கிழமை விடியவே தயிர், கொஞ்சம் வினாகிரி, அப்பச்சோடா என்று முட்டையில்லாத மாவைக் கலந்தாள். கொக்கோத் தூளைச் சுடுநீரில் கரைத்து ஊற்றினாள். தட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விரலை விட்டு மாஜரீன் பூசினாள். எட்டரை மணிக்கு ஓவனால் இறக்கியபோது வாசம் ஒழுங்கை முழுக்க மணத்தது. அந்த நேரம் பார்த்து அம்புறோசின் வள்ளம் வந்தது. வலை நிறைய மீன். வெயில் ஏற முன்னம் தரம் பிரித்து ஐஸ் போட ஆள் வேண்டும். கேக் ஆறட்டும், ஆறினால்தானே கழன்று வரும் என்று விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினாள். சாதாரணத் தட்டென்றால் அது சரி. இந்தத் தட்டென்றால் பத்து நிமிசத்தில் கவிழ்த்திருக்க வேண்டும். அவளுக்கு அதை யார் சொன்னது?

பத்தரைக்கு வந்து கவிழ்த்தாள். மேல்பாதி தட்டோடு நின்றுவிட்டது, கீழ்ப்பாதி மேசையில் பொலபொலவென்று உதிர்ந்தது. கேக் வெட்டுவது நாலு மணிக்கு. கொக்கோ இன்னுமொரு தரத்துக்குத்தான் இருந்தது. திரும்பவும் உதிர்ந்தால் மாதாவே, என்ன செய்வது? அலுமாரிக்குள் முட்டை இருந்தது, போட்டால் கேக் உதிராமல் பிடித்து நிற்கும். நாலு எடுத்தாள்.

"முட்டை போட்டனான் எண்டு சொல்லிக் குடு" என்றான் அம்புறோஸ். "அவ தின்னமாட்டா. மற்றச் சனம் தின்னட்டும்."

"சொல்லாமல் விடுவனே? படலையில வச்சே சொல்லிப்போடுவன்."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் வசனம் பாடமாக்கிக்கொண்டு போனாள். ரீச்சர், முதல் அடிச்சது உடைஞ்சு போச்சு. ரீச்சர், குறை நினையாதேங்கோ. இரண்டாவது கேக் என்னவோ படத்தில் இருந்ததை விட அழகாய் வந்திருந்தது. ஒரு வரி பிசகவில்லை.

ஆனால் படலையில் ரீச்சர் தனியே நிற்கவில்லை. விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் கதிரை போட்டு இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பரிமளம், ரீச்சரின் புருசன் அப்புத்துரையின் தங்கச்சி. வாய் என்றால் வாய்.

"மச்சாள், நீங்கள் விரதக்காரி" என்றாள் பரிமளம், எல்லோருக்கும் கேட்க. "மீன் வெட்டிற குசினியில செய்த கேக். யோசிச்சுச் சாப்பிடுங்கோ."

அன்ரனிட்டாவுக்குக் காது சுட்டது. கேக்கை ஏந்தியபடி முற்றத்தில் நின்றாள்.

"சும்மா இரும் பரிமளம்" என்றார் ரீச்சர். "அன்ரனிட்டா சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவன்." பிறகு அவள் பக்கம் திரும்பி, சிரித்தபடி, "முட்டை போடேல்லைத்தானே?" என்றார்.

ஒரே ஒரு சொல். போட்டனான் என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? ஆனால் பரிமளத்தின் முகம் அங்கே காத்துக்கொண்டு இருந்தது. சொன்னால் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். மீன்காரி கையை நம்பக்கூடாது என்று ஆகிவிடும்.

"இல்லை ரீச்சர்" என்றாள் அன்ரனிட்டா.

கனடாவில் விடியவில்லை, நிசாந்தினி நித்திரைக் கண்ணோடு போனுக்குள் இருந்து கைதட்டினாள். அப்புத்துரை வெட்டிய முதல் துண்டை மனிசியின் வாயில் வைத்தார். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு! "என்ன மெது, என்ன மெது" என்று இன்னொரு துண்டும் எடுத்தார். அன்ரனிட்டா தனக்குக் கொடுத்த துண்டைத் தின்னாமல் வைத்துவிட்டாள். தலையிடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதுவும் பொய்தான்.

அதற்குப் பிறகு பட்டதுதான் பாடு. யாராவது ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். ஊர் அவளைப் புகழத் தொடங்கியது. ரீச்சர் போகிற வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். விரதக்காரர் இரண்டு வீட்டிலிருந்து முட்டையில்லாத கேக்குக்கு ஆள் அனுப்பினார்கள். ஓவன் பழுது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ரீச்சர் சந்தைப் பக்கம் வருவதைக் கண்டால் மீன் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முன்னால் ஒரே ஒரு ஆள் நிற்கும்போது விலகி வந்துவிட்டாள். சுவாமி என்ன சொல்லுவார் என்று அவளுக்கே தெரியும். போய் அவவிட்டைச் சொல்லும் பிள்ளை என்பார். ஞாயிறு நற்கருணைக்கு எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியாமல் திண்டதுக்கு அம்மன் கோவிக்கமாட்டா" என்றான் அம்புறோஸ். "இனிச் சொன்னியெண்டால் மனிசியின்ர பதினொரு மாசமும் வீண். உன்ர மனப்பாரம் இறங்க அவவின்ர தலையில ஏத்தப்போறியே?"

அதுவும் நியாயமாய்த்தான் பட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் மனிசர் என்னதான் செய்கிறது? வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து முட்டையில்லாத கேக்கைத் திரும்பத் திரும்ப அடித்தாள். சிறிய சட்டிகளில் முதலில், பிறகு ரீச்சரிடம் இன்னும் திருப்பிக் கொடுக்காத அதே தட்டில். ஐந்தாவது தரம் பத்து நிமிசத்தில் கவிழ்த்தாள். முழுசாய் வந்து விழுந்தது. ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதாள். இனி வந்து என்ன? தின்ற இரண்டு துண்டு தின்றதுதானே.

கடைசி வெள்ளிக்கு முதல் நாள் பின்னேரம் ரீச்சர் வந்தார். ஒளிக்க இடமில்லை.

"நாளைக்கு நேர்த்தி முடியுது அன்ரனிட்டா. விடிய முதல் பஸ்ஸில துறைக்குப் போறன். அம்மனுக்கு உம்மட பேரிலயும் ஒரு அர்ச்சனை செய்யப்போறன். நீர் வேதக்காரி எண்டு எனக்குத் தெரியும், குறை நினைக்காதையும். இந்த ஒரு வருசத்தில எனக்கெண்டு பார்த்துப் பார்த்துச் செய்து தந்தது நீர் ஓராள்தான்."

அன்ரனிட்டா குசினி வாசல் படியில் அப்படியே குந்திவிட்டாள்.

"என்ர பேரில செய்யாதேங்கோ ரீச்சர். நான் முட்டை போட்டனான்."

ரீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. உடைந்த கேக்கையும், வள்ளத்தையும், பரிமளத்தையும் அவள் முன்பின்னாய்ச் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

"எத்தினை?"

"நாலு."

"நான் உம்மட்டைக் கேட்டனான் எல்லோ?"

"ஓம் ரீச்சர்."

"போட்டனான் எண்டு சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பன்? தின்னாமல் விட்டிருப்பன். படம் எடுத்திருப்பன். நல்ல வடிவாய் இருக்கு எண்டும் சொல்லியிருப்பன்." ரீச்சரின் குரல் உயரவில்லை. "அவ்வளவுதானே அன்ரனிட்டா."

அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் அவள் நாலு கிழமை நித்திரையில்லாமல் கிடந்தாள். ரீச்சர் கேக் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பூசைக்குப் போய் வந்தும் அன்ரனிட்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னேரம் பஸ் வருகிற நேரம் தெருவில் போய் நின்றாள். ரீச்சர் இறங்கினார். நெற்றியில் திருநீறு, வெயிலில் முகம் கறுத்துப்போய் இருந்தது. மனிசிக்கு எழுபது வயது.

"அம்மனிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். "இண்டையில இருந்து திரும்பத் தொடங்கிறன். இன்னும் ஒரு வருசம்."

"தெரியாமல்தானே ரீச்சர் சாப்பிட்டனீங்கள்..."

"தெரியாமல் சாப்பிட்டனான். தெரிஞ்ச பிறகு முடிஞ்சுது எண்டு சொல்ல எனக்கு ஏலாது." இரண்டடி நடந்துவிட்டு நின்றார். "பரிமளத்துக்கு நான் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். நீர் பயப்பிடாதையும்."

ஏசியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். பயப்பிடாதையும் என்று சொன்னதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்ரனிட்டா வீட்டுக்குப் போகவில்லை. நேரே மற்ற ஒழுங்கைக்குள் இறங்கிப் பரிமளத்தின் படலையைத் தட்டினாள்.

"ஆர்? அன்ரனிட்டாவே? உள்ளுக்கு வாரும்."

"வேண்டாம் அக்கா, இதில நிண்டே சொல்லுறன். அண்டைக்கு ரீச்சர் வீட்டுக் கேக்குக்கு நான் முட்டை போட்டனான். போடேல்லை எண்டு பொய் சொன்னனான். நேற்றுத்தான் ரீச்சரிட்டைச் சொன்னன். அவ இண்டைக்கு நேர்த்தியைத் திரும்பத் தொடங்கியிட்டா. அவ உங்களுக்குச் சொல்லமாட்டா. அதுதான் நான் வந்தனான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். பரிமளத்தின் வாய் இனித் திறக்கும், ஒழுங்கை முழுக்கக் கேட்கும், நான் அண்டைக்கே சொன்னனான் என்று கத்துவாள், நாளைக்கு விடிய முன்னம் சந்தை வரைக்கும் கதை போகும். போகட்டும். அதற்காகத்தான் வந்தாள். ஒருத்தராவது நல்லாய் ஏசினால் கொஞ்சம் ஆறும்.



"பாவம் மச்சாள்" என்றாள் பரிமளம். படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.