வெட்டிய வரைபடம்

அந்த அலுவலகத்தில் தமிழர் இரண்டே பேர், மேலாளரும் நானும். அவர் கொட்டாஞ்சேனை, நான் வெள்ளவத்தை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கதைக்கும்போது 'சேர்', 'மிஸ்'. தமிழுக்கு மாறினால் 'அண்ணை', 'தங்கச்சி'. ஒரு வருடத் தகுதிகாண் காலம் முடிய என்னை நிரந்தரமாக்குவது அவருடைய கையெழுத்தில் இருந்தது. எங்கட ஆள், கைவிடமாட்டார் என்று அம்மாவிடம் பெருமையடித்திருந்தேன். மடச்சி.

அன்டெனாக் கம்பிகளை வரிசையாக நிறுத்தினால் அலை எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் படமாக வரைவதுதான் என் வேலை. வத்தளையில் ஒரு தொழிற்சாலைக் கூரைக்கு எட்டுக் கம்பி. முற்றத்தின் மறுகோடியில் இருக்கிற களஞ்சியத்துக்கு அலை போகவேண்டும். பின்பக்கம் போவது களனி ஆற்றுக்கு, யாருக்கும் நட்டமில்லை. கம்பிகளுக்கிடையே அரை அலைநீளம் விட்டு வரைந்தேன். களஞ்சியத்தை நோக்கிப் போகிற நடுக்கதிர் கொஞ்சம் அகலமாக வந்தது. இன்னும் மெலியவேண்டும் என்றார் அவர். கம்பியைக் கூட்டினால் செலவாம், இடைவெளியை முழு அலைநீளம் ஆக்கச் சொன்னார். ஆக்கினேன். நடுக்கதிர் அழகாக மெலிந்தது. ஆனால் கம்பி வரிசையின் இரண்டு முனைப் பக்கமும் அதே பருமனில் வேறு கதிர்கள் முளைத்து நின்றன. எங்கள் துறையில் இது பாலர் பாடம்.

"அண்ணை, இது பக்கத்துத் தொழிற்சாலைக்குள்ளயும் போகும்," என்றேன்.

"அறிக்கையில அறுபது பாகைக்கு மேல காட்டாதையும் தங்கச்சி. ரெண்டு பக்கத்தையும் வெட்டிப்போட்டு நடுவை மட்டும் போடும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரிந்தும் செய்தேன். எனக்கு நிரந்தரம் வேண்டியிருந்தது. அறிக்கையின் அடியில் போட்டது என் பெயர் மட்டும்.

கூரையில் கம்பிகளைப் பூட்டி இரண்டாம் கிழமையே பக்கத்துத் தொழிற்சாலையின் வயர்லெஸ் கருவிகள் எல்லாம் திணறத் தொடங்கின. முறைப்பாடு வந்தது, கூட்டம் வைத்தார்கள். என் படத்தை மேசையில் விரித்துவிட்டு மேலாளர் சிங்களத்தில் கேட்டார்: "மிஸ், இரண்டு பக்கத்தையும் ஏன் வெட்டினீங்கள்?"

முகத்தில் ஒரு சலனமில்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் வெட்டச் சொன்னபோது பக்கத்து மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள்தான். ஒருவருக்கும் தமிழ் விளங்காது.

சாட்சி இல்லாவிட்டாலும் சொல்லியிருக்கலாம். என் சிங்களத்துக்கு என்ன குறை? சந்தையில் சண்டை பிடிக்கிற சிங்களம் அது. ஆனால் இருக்கிற இரண்டு தமிழரும் சிங்களவருக்கு முன்னால் தங்களுக்குள் அடிபடுவதா என்று ஒரு கூச்சம். எங்களுக்கு ஊட்டி வளர்த்த பாழாய்ப்போன மானம். "என் பிழை," என்றேன்.

அந்த மாதத்தோடு வேலை போனது.

அடுத்த ஞாயிறு அவர் கோல் எடுத்தார். "தங்கச்சி, நீர் அங்க வாய் திறக்காதது பெரிய காரியம். எங்கட ஆக்களின்ர மானத்தைக் காப்பாத்திப்போட்டீர்."

வாயில் வந்த தூஷணத்தை அப்படியே கொட்டியிருக்கவேண்டும். நான் "பரவாயில்லை அண்ணை," என்றேன். அவரைவிட என்னைத்தான் இன்றைக்கும் அதிகம் வெறுக்கிறேன்.