பின்பக்கம் இல்லாத ஜெராக்ஸ்

போன வாரம் மகள் கைபேசித் திரையைச் சானிடைசர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். துடைத்து முடித்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அந்தப் பாடகி புருசன விட்டுட்டுப் போயிருவாப்பா. புதுப் பாட்டக் கேட்டாலே தெரியுகு."

நான் சிரித்தேன். சினிமாக்காரர்கள் வீட்டுக் கதை, நமக்கென்ன. ஆனால் அடுத்து அவள் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க கிளாஸ் பிள்ள ஒருத்தி நாலு நாளா ஸ்டேட்டஸ்ல சோகப் பாட்டாப் போடுகா. அவளுக்க நிச்சயம் நிக்கப் போவுது, பாருங்க."

"இத யார்ட்டயாவது சொன்னியா மக்களே?"

"குரூப்ல எல்லாரும் இதத்தான் பேசுகாவ."

வாடைக்கு வருகிறேன். கல்லூரி முடித்த கையோடு நாகர்கோவிலில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வேண்டிய பாட்டுகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால், காலி கேசட்டில் பதிந்து இரண்டு நாளில் கொடுப்போம். தினமும் காலையில் டேப் டெக்கில் நாடா உரசும் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பது என் வேலை. அந்த ஸ்பிரிட் வாடையும் இந்தச் சானிடைசர் வாடையும் அக்கா தங்கச்சி. பதிந்து முடித்த லிஸ்டுகளைச் சுவரோரம் தொங்கும் ஒரு வளைந்த கம்பியில் குத்தி வைப்போம். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஊருக்குள் இறங்கினால் அத்தனை தாளும் சேர்ந்து படபடக்கும். எனக்கு அந்தச் சத்தம் அப்போதே பிடிக்காது.

இசையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அப்போது. ஸ்வரம் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் லிஸ்டைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். அதில் என் குரு எதிர்ப்பக்கத்துத் துணிக்கடையில் வேலை பார்த்த தங்கப்பன் அண்ணாச்சி. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் எங்கள் கடை ஸ்டூலில்தான் இருப்பார். எந்த நடிகை யாரைக் கட்டுவாள், எத்தனை நாள் தாங்கும், எந்தப் பாடகர் குடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார், எல்லாம் பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி சொல்லுவார். ஒரு நடிகையின் கல்யாணம் ஆறு மாசம் தாண்டாது என்றார். ஐந்தாவது மாதம் பத்திரிகையில் செய்தி வந்தது. அன்றைக்குப் பேப்பரைக் கையில் சுருட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"நாஞ் சொன்னேம்லா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தால் எல்லாரும் காது கொடுத்தார்கள். நானும்தான்.

பியூலா அந்த ஆடியில்தான் வந்தாள். சர்ச் கொயரில் பாடுவாள். ஒரு இன்னிசைக் குழுவிலும் பாடினாள். அஞ்சுகிராமத்துப் பக்கம் வெளிநாட்டு வேலை மாப்பிள்ளை, நிச்சயம் முடிந்திருந்தது. மேடைக்குப் புதுப் பாட்டு படிக்க எங்களிடம்தான் கேசட் பதிந்து வாங்குவாள். அன்று அவள் கொடுத்த லிஸ்டில் பன்னிரண்டு பாட்டு. பன்னிரண்டும் காதலனைப் பிரிந்து இன்னொருவனுக்குக் கழுத்தை நீட்டப்போகிற பெண்ணின் பாட்டு. அவள் படி இறங்கியதும் நான் லிஸ்டைச் சத்தமாக வாசித்தேன். நாலு பேர் சிரிக்கட்டுமே என்றுதான்.

தங்கப்பன் அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அவ குழுவுல கீபோர்டு வாசிக்கிற பயலத்தான் நெனச்சிட்டிருக்கா. இந்தக் கல்யாணம் நடக்காது, பாத்துக்கோ" என்றார்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாளைக் கேட்டார். "ஒரு ஆளுட்ட காட்டிட்டு உடனே கொண்டாறேன் மக்கா." கம்பியிலிருந்து உருவிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குள் பாட்டு எழுதிய பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்திருந்தார். அந்த ஜெராக்ஸ் அஞ்சுகிராமத்தில் மாப்பிள்ளையின் மாமாவுடைய கடைக்குப் போனது எனக்கு அப்போது தெரியாது.

பத்து நாள் கழித்துப் பியூலா வந்தாள். உதடு காய்ந்திருந்தது. காற்று அன்றைக்கு நின்றிருந்தது. கம்பியில் ஒரு தாள்கூட அசையவில்லை.

"அண்ணே, நான் தந்த லிஸ்டு இருக்கா? அதுக்க ஜெராக்ஸ் மாப்பிள்ள வீட்டுக்குப் போயிருக்கு. அது ஒரு கோயில் கொடைத் திருவிழா நோட்டீசுக்க பின்பக்கம் எழுதினதாக்கும். சோகப் பாட்டு அரை மணி நேரம் வேணும்னு கமிட்டிக்காரங்க செவப்பு மையில எழுதித் தந்திருந்தாவ. அதக் காட்டினா எங்க வீட்டுல நம்புவாவ. அவங்களும் நம்புவாவ."

"கமிட்டிக்காரங்கள்ட்ட கேட்டியா?"

"நான் சொல்லிக் குடுத்துக் கமிட்டிக்காரங்க பேசுகாவன்னு மாப்பிள்ள வீட்டுல சொல்லுகாவண்ணே. இப்ப எழுதி வாங்கினா செல்லாதாம். அந்தத் தாளுதான் வேணும்."

தாள் என் முதுகுக்குப் பின்னால் கம்பியில்தான் இருந்தது. மேலிருந்து ஏழோ எட்டோதான். முதலாளி கல்லாவில் இருந்தார். வாடிக்கைக்காரியின் தாளை வெளியே கொடுத்தவன் நான் என்று தெரிந்தால் அன்றே வேலை போய்விடும். போகட்டும் என்று நினைக்கும் தைரியம் எனக்கில்லை.

"பழச எல்லாம் எரிச்சாச்சே" என்றேன்.

அவள் கம்பியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். படி இறங்கிப் போனாள். அன்று சாயங்காலம் கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளோடு அந்தத் தாளையும் போட்டு எரித்தேன். எரிவதற்கு முன்னால் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு மை அப்படியே இருந்தது.

கல்யாணம் நின்றது. குழுவை விட்டாள். கொயரில்கூடப் பாடுவதில்லை என்றார்கள். பெங்களூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. தங்கப்பன் அண்ணாச்சி மறுநாளே ரோட்டைத் தாண்டி வந்தார். அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

அண்ணாச்சி இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். டெக் இல்லை, கம்பி இல்லை. ஊர் உலகத்துப் பாட்டையெல்லாம் ஆயிரக்கணக்கில் பதிந்து கொடுத்த எனக்கு, பியூலா பாடியதை ஒரு தரம் பதிந்து வைக்கத் தோன்றவில்லை. அந்தக் குரல் இருந்ததற்கு என்னிடம் ஒரு அடையாளமும் கிடையாது.

போன வாரம் மகளிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அந்தத் தாளை எரித்ததையும் சொல்ல வேண்டி வரும். "சாப்பாட்ட எடுத்து வை மக்களே" என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் அவள் கல்லூரியிலிருந்து வந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, அந்தப் பிள்ளைக்க நிச்சயம் நின்னு போச்சாம். நாஞ் சொன்னேம்லா."