ஓரத்தில் வந்த சின்னப் பெட்டி

அன்று வீட்டில் நான் இருந்தேன், தங்கை இருந்தாள். அம்மா வாசலில் சாக்கை விரித்துச் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தாள். அப்பா இல்லை. அரியலூர் கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை ஏற்றப் போயிருந்தார். ஆனால் தங்கையின் விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அவர் செல் நம்பரைத்தான். ஓடிபி அவருக்குத்தான் போகும்.

நர்சிங் கலந்தாய்வுக்கு அவள் கேட்கும் கல்லூரிகளின் பட்டியலை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்தாக வேண்டும். தவறினால் அந்தச் சுற்றில் அவள் பெயரே இருக்காது. மூன்று நாளாகப் பட்டியலை மாற்றி மாற்றி எழுதிவிட்டுக் கடைசி நாளில் வந்து உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமை வேறு. சிறுவாச்சூர் கோயில் திறந்திருக்கும் நாளில் வருகிற கூட்டத்தில் எங்கள் பக்கத்து செல் டவர் திணறும்.

மூன்றரை மணிக்கு லேப்டாப்பில் கலந்தாய்வின் இணையதளம், உங்கள் பிரவுசர் பழையது, அப்டேட் செய்துவிட்டு வாருங்கள் என்றது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான். எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்கு வரும். நான் பார்த்துவிட்டுச் சரி என்றால் அப்பா கைநாட்டு வைப்பார். அதில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. புரியாத இடத்தில் நிற்க மாட்டேன். நின்றால் இவனுக்கும் தெரியவில்லையோ என்று வீட்டிலிருப்பவர்கள் முகம் வாடிவிடும். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து வேகமாகச் சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போவேன்.

அன்றும் அப்படித்தான். பிரவுசர் அப்டேட் என்று தேடி, முதலில் வந்ததைத் திறந்தேன். அச்சு அசலாக இருந்தது. எங்கள் பிரவுசரின் அதே வட்டம், அதே நிறம். தமிழில் ‘இப்போதே புதுப்பிக்கவும்’ என்று ஒரு பட்டன். அழுத்தினேன், ஒரு ஃபைல் இறங்கியது. அப்போது திரையின் வலது ஓரத்தில் ஆண்டிவைரஸின் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. இந்த ஃபைல் ஆபத்தானது, தடுத்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் இரண்டே வரி.

அந்தப் பெட்டி எனக்குப் புதிதல்ல. லேப்டாப்பைப் பெரம்பலூரில் பழசாக வாங்கியபோது, கடைக்காரர் காசில்லாமல் ஒரு சாஃப்ட்வேர் போட்டுத் தந்தார். அப்போதும் இது வந்தது. அது சும்மா கத்தும் தம்பி, ஆஃப் பண்ணிட்டுப் போட்டுக்கங்க என்று சொல்லிக் கொடுத்திருந்தார். ஆகவே ஆஃப் செய்யப் போனேன்.

“எதுக்குண்ணா வேணாங்குது?” என்றாள் தங்கை.

“அது அப்படித்தான்.”

“போடுன்னு சொல்றதயெல்லாம் கேக்குற. வேணாங்குறத மட்டும் வாய மூடுற.”

நான் ஆஃப் என்பதை அழுத்தினேன். எவ்வளவு நேரத்துக்கு நிறுத்த என்று ஆண்டிவைரஸ் கேட்டது. லேப்டாப்பை மறுபடி ஆன் செய்யும் வரை என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபைலைத் திறந்தேன்.

திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சைரன் ஊதியது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. மூடும் குறியையே காணோம். அம்மா அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து, யார் இந்தப் பொம்பளை, எதுக்கு இப்படிக் கத்துறா என்று கேட்டாள். செல்லை எடுத்து அந்த எண்ணை அழுத்த ஆரம்பித்தேன்.

“யாரு நம்பரு அது?” என்றாள் தங்கை.

“ஸ்கிரீன்லயே போட்டிருக்கே.”

“ஸ்கிரீன்ல போட்டிருந்தா?”

அவள் குனிந்து லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாள். சைரன் நின்றது. வெளியே போகிற பஸ் சத்தம் கேட்டது. மணி மூன்றே முக்கால். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மறுபடி ஆன் செய்தபோது நடந்ததை இன்றைக்கும் வியப்போடுதான் நினைக்கிறேன். நான் வாயை மூடிய அந்தச் சின்னப் பெட்டி தானாக எழுந்துகொண்டது. கோபமில்லை, சைரனில்லை. அதே ஓரம், அதே இரண்டு வரி. அந்த ஃபைலைக் கண்டுபிடித்துத் தனியே அடைத்துவிட்டேன், முழுதும் ஒருமுறை சோதிக்கட்டுமா என்றது. அந்த நிமிடத்திலும் என்னிடம் அனுமதி கேட்டது. முதல் தடவையாக இரண்டு வரியையும் கடைசிவரை படித்துவிட்டுச் சரி என்றேன். எங்கோ உட்கார்ந்து ஒருவன் எங்களுக்காகத் தமிழில் பட்டன் செய்திருக்கிறான். இன்னொருவன், எங்களைப் பார்த்தே இராதவன், அவனைத் தடுக்க இதைச் செய்து அனுப்பியிருக்கிறான். இரண்டு பேரும் எங்கள் வீட்டு ஓட்டுக்கடியில் மோதிக்கொண்டார்கள்.

சோதனை முடிந்து, வேறெதுவும் இல்லை என்று வந்த பிறகு தங்கைதான் பிரவுசரின் மூன்று புள்ளியை அழுத்திப் பார்த்தாள். உள்ளேயே அப்டேட் இருந்தது. இதற்காக வெளியே எங்கும் போயிருக்கவே வேண்டாம். அது இறங்கி முடிப்பதற்குள், லேப்டாப்புக்கு நெட் கொடுத்த என் செல்லில் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. ரீசார்ஜ் செய்து மீதியை இறக்கினோம். பட்டியல் திறந்தபோது நாலு நாற்பது. உறுதி செய் என்பதை அழுத்தினாள். ஓடிபி அரியலூருக்குப் போனது.

வேலை நேரத்தில் அப்பாவின் சட்டை ஷெட்டில் ஓர் ஆணியில் தொங்கும், செல் அதற்குள் இருக்கும். மூன்றாவது தடவை எடுத்தார். வந்த நம்பரைச் சொல்லச் சொன்னேன்.

“வந்திருக்கு தம்பி. ஆனா ஆரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்ன?”

“நான்தான்ப்பா கேக்குறேன்.”

“உன்ன மாதிரியே எவனாச்சும் பேசுனா? பாப்பாகிட்ட குடு.”

தங்கை வாங்கினாள். காலையில் கிளம்பும்போது என்ன நடந்தது, சொல்லு என்று கேட்டிருக்கிறார்.

“சோத்து வாளிய மறந்துட்டுப் போயிட்ட. நான்தான் ரோடு வரைக்கும் ஓடியாந்து குடுத்தேன்,” என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். எழுத்து தெரியாத மனிதர், மூட்டை எண்ணிப் பழகியதில் எண் மட்டும் தெரியும். நான் சொல்லி வைத்த ஒரே ஒரு வார்த்தையை, என்னிடமிருந்தே காப்பாற்றினார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் யார் யாருக்கெல்லாம் சரி சொல்லியிருந்தேன்! ஆறு எண்ணையும் தங்கை தட்டினாள். உறுதி செய்யப்பட்டது என்று பச்சையில் வந்தபோது ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. அம்மா அந்தப் பச்சை எழுத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

கூட்ஸ் ஷெட்டில் ஒரு லாரிக்கு யார் யார் சுமந்தார்களோ அவர்களுக்குள்தான் கூலி பங்கு. அப்பா செல்லோடு நின்ற நேரத்தில் ஒரு லாரி அவர் இல்லாமலே நிரம்பிப் போயிருந்தது. அந்தப் பங்கு நூற்று நாற்பது, டேட்டாவுக்கு இருபத்திரண்டு. எல்லாம் சேர்த்து அந்தப் பச்சை எழுத்துக்கு எங்களுக்கு நூற்று அறுபத்திரண்டு ரூபாய் செலவானது.