என்ரை காலடிக்குக் கட்டின வீடு

எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடம் என்னை விட்டிட்டுது. நான் பள்ளிக்கூடத்தை விட்டன் எண்டு சொல்லுறதுதான் வழக்கம், ஆனா உண்மை அதில்லை. அப்பிடிப்பட்ட ஒருத்தன் வீடு கட்டின கதையை எழுதுறன். எழுத்திலை பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. வீட்டிலையும் பிழை இருக்கு.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி. நான் ரொறன்ரோவிலை, சென் ஜேம்ஸ் ரவுணிலை, பதினேழாம் மாடியிலை ஒரு அறையிலை இருந்தன். என்னோடை மன்னாரிலை இருந்து வந்த ஒரு அண்ணை இருந்தவர். சாப்பாட்டுக் கடை ஒண்டிலை கோப்பை கழுவுறது எனக்கு வேலை. ஐயாவுக்குக் "கிச்சினிலை வேலை" எண்டு சொல்லி வைச்சிருந்தன். அவர் நான் சமைக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டார். நான் திருத்தேல்லை. என்ரை பொய்யெல்லாம் இப்பிடித்தான், நான் சும்மா வாயை மூடிக்கொண்டிருக்க அது தன்ரை பாட்டிலை வளரும்.

யாழ்ப்பாணத்திலை எங்கடை வீடு சண்டைக்குள்ளை போயிட்டுது. அம்மா அதுக்கு முந்தியே போயிட்டா. ஐயா அக்கா குடும்பத்தோடை திருகோணமலைக்கு வந்து, ஒரு வாடகை அறையிலை ஆறு பேராய் நெரிஞ்சுகொண்டிருந்தார். ஐயா முப்பது வருஷம் பஸ் கொண்டக்டராய் இருந்த மனுசன். ஒரு சனமும் நிக்காமல் எல்லாரும் இருந்த பிறகுதான் தான் இருப்பார். அப்பிடிப்பட்டவருக்கு அந்த அறையிலை கால் நீட்டப் படுக்க இடமில்லை எண்டு அக்கா எழுதினா. அதோடைதான் கடற்கரைக்குக் கிட்ட ஒரு துண்டுக் காணி வாங்கினம். கட்டுறது நான், நிண்டு பாக்கிறது ஐயா எண்டு முடிவாச்சு.

ஐயா பிடிச்ச மேசன் பழைய ஆள். வீட்டுக்காரன்ரை காலடியாலை அளந்துதான் அத்திவாரம் வெட்டுவன் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டார். அடிமட்டக் கோலாலை அளந்தால் தான் ஆரின்ரை வீடு எண்டு அந்த வீட்டுக்கே தெரியாமல் போயிடுமாம். ஐயாவுக்கும் அது சரியெண்டு பட்டுது. வலது காலைக் கடுதாசியிலை கீறி அனுப்பு எண்டு ரெலிபோனிலை சொன்னார்.

மன்னார் அண்ணைதான் கீறினவர். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். பேப்பர் பையை வெட்டி நிலத்திலை விரிச்சு, பென்சிலோடை குந்தி இருந்துகொண்டு, "உங்கடை சாமி சப்பாத்துக் கடை வைச்சிருக்கிறாரோ?" எண்டு கேட்டார். பேசாமல் கீறுங்கோ அண்ணை எண்டன். வெளியிலை பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் ரெண்டு சோடி சொக்ஸ் போட்டிருந்தன். கழட்டுற பஞ்சியிலை அப்பிடியே ஏறி நிண்டிட்டன்.

அந்தக் கால் கடிதத்திலை போய்ச் சேர்ந்துது. மேசன் அதைப் பாத்திட்டுக் கனடாவிலை காலும் வளருமோ எண்டு ஐயாவைக் கேட்டாராம். ஐயாவுக்குப் பெருமை. அந்தக் காலைத் தடியிலை அளந்து வெட்டி, அந்தத் தடியாலை அறை, கூடம், விறாந்தை எல்லாம் அளந்திருக்கினம். ஒரு அடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூடிக் கூடி, கடைசியிலை விறாந்தை பக்கத்துக் காணி வேலியிலை போய் முட்டப் பாத்தது. குசினியை ஒடுக்க வேண்டி வந்துது. இண்டைக்கும் அந்தக் குசினிக்குள்ளை ரெண்டு பேர் நிண்டால் ஒராள் வெளியிலை வந்துதான் மற்றாள் திரும்பலாம் எண்டு அக்கா சொல்லுவா. என்ரை சொக்ஸின்ரை புண்ணியம்.

வீடு எழும்ப ஒண்டரை வருஷம் போச்சு. சீமெந்து ஒரு மாசம் வரும், ரெண்டு மாசம் வராது. வந்த சீமெந்தைக் காவல் காக்க வேணும் எண்டு ஐயா காணிக்குள்ளை ஒரு தகரக் கொட்டில் போட்டு அதுக்குள்ளை படுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலை அவர் ரெலிபோன் இருக்கிற கொம்யூனிகேஷன் கடையிலை வந்து இருப்பார், நான் அங்கை கோல் எடுப்பன். எனக்குக் காலமை, அவருக்குப் பின்னேரம். கல்லு எத்தினை வரி வந்திருக்கு, நிலை எந்தத் திசை பாத்து வைச்சது, எல்லாம் சொல்லுவார். படமும் அனுப்புவார். ஒரு படத்திலை ஐயா கதவில்லாத வாசலிலை நிக்கிறார். உள்ளுக்கை போகாமல், வெளிப்படியிலை.

கூரை போட்ட மாசம்தான் எனக்கு அகதிக் கேஸ் விசாரணை வந்தது. லோயர் எத்தினையோ தரம் சொல்லித்தந்தவர், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, பகிடி விடாதை எண்டு. விசாரிக்க இருந்த மனுசி, திரும்பிப் போனால் உனக்கு என்ன நடக்கும் எண்டு கேட்டா. சொல்ல எனக்குப் பெரிய கதை இருந்தது. பயத்திலை வாய் காய்ஞ்சு, வழமையாய் வாறது வந்திட்டுது. "ஐயாட்டைப் பேச்சு வாங்குவன்" எண்டன். மொழிபெயர்க்கிற தம்பி என்னை ஒருக்கால் பாத்தார், இதையும் சொல்லவோ எண்ட மாதிரி. பிறகு சொன்னார். ஒருத்தரும் சிரிக்கேல்லை. பேந்து உண்மையான காரணங்களைச் சொன்னன்தான், ஆனா குரல் நடுங்கிச்சுது. அதாலையோ வேறை எதாலையோ, கேஸ் விழுந்திட்டுது. லோயர் மேல்கோட்டுக்கு அப்பீல் போட்டார். அது முடியும் வரைக்கும் இருக்கலாம், வெளியிலை போனால் திரும்பி வர ஏலாது எண்டார்.

அந்தக் கிழமை ஐயா சந்தோசமாய்க் கதைச்சார். பால் காய்ச்சிக் குடிபூர எப்ப வாறாய் எண்டு கேட்டார். நான் தைக்கு வாறன் எண்டன்.

தை போச்சு. ஆனி எண்டன். ஆனியும் போச்சு. வாற தை எண்டன். லீவு தரமாட்டன் எண்டு முதலாளி நிக்கிறான் எண்டன். நான் இல்லாட்டி அந்தக் கடையிலை சாப்பாடே வேகாது எண்டும் சொன்னன். ஐயா நம்பினார்.

வீடு முடிஞ்சு பூட்டிக் கிடந்துது. ஐயா கொட்டிலை விட்டு அசையேல்லை. அளந்த கால்தான் முதல் வைக்கவேணும், வீட்டுக்காரன் நிண்டு பால் காய்ச்ச வேணும், அதுக்கு முந்தி ஒருத்தரும் உள்ளுக்கை படுக்கப்படாது எண்டு அக்காவுக்கும் சொல்லிப்போட்டார். அக்காவின்ரை பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வந்து ஜன்னலுக்குள்ளாலை எட்டிப் பாத்திட்டு வாடகை அறைக்குப் போவினமாம்.

பிறகு மாரி துவங்கிச்சுது. ஒரு ஞாயிறு ஐயா வரேல்லை, அக்கா வந்திருந்தா. கொட்டிலுக்குள்ளை தண்ணி நிக்குது, சீமெந்து அடுக்கின பலகையிலை கட்டிலை ஏத்திப் படுக்கிறார், நெஞ்சு இழுக்குது, மருந்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் டொக்டர் ஈரத்திலை படுக்கப்படாது எண்டிட்டார் எண்டா. பத்தடி தள்ளி ஓட்டுக் கூரையோடை வீடு நிக்குது. நான் வழமை போலை என்னவோ ஒரு பகிடி துவங்கினன். அக்கா முடிக்க விடேல்லை.

"டேய், வாறனெண்டால் வா. வரமாட்டனெண்டால் அதை அவருக்கு நீ சொல்லு. நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். அந்தாள் அதுக்குள்ளை கிடந்து செத்துப் போகும்."

மன்னார் அண்ணை கோயிலுக்குப் போகச் சேட்டு அயர்ன் பண்ணிக்கொண்டு நிண்டவர். என்ரை கேஸ் விழுந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் ரெலிபோனை வைக்க, அவர் கேட்டார், "நீ சொல்லாததாலை ஆருக்கு ஆறுதல், அவருக்கோ உனக்கோ?" பேந்து சேட்டைப் போட்டுக்கொண்டு போயிட்டார். ஒரு கிழமை முழுக்க நான் கழுவின கோப்பையெல்லாம் திருப்பித் திருப்பிக் கழுவினன். முதலாளி, இண்டைக்கு என்ன, பாட்டும் இல்லைக் கூத்தும் இல்லை எண்டு கேட்டான்.

அடுத்த ஞாயிறு ஐயா வந்தார். குரல் கம்மிப்போய் இருந்துது. இருமல் நிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வாயிலை நாலு பகிடி வந்துது. நாலையும் விழுங்கினன்.

"ஐயா, நான் தைக்கு வரமாட்டன்."

"அப்ப மாசியோ?"

"மாசிக்கும் இல்லை. எனக்குக் கேஸ் விழுந்திட்டுது. விழுந்து ஒரு வருஷத்துக்கு மேலை. இஞ்சாலை வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாது. லீவு, முதலாளி எல்லாம் பொய். நான் கோப்பை கழுவுறன், ஐயா."

அங்கால் பக்கம், கடைத் தகரத்திலை மழை அடிக்கிறது மட்டும் கேட்டுது. அவர் என்னை ஏசிப் பேசுவார் எண்டு காத்துக்கொண்டு நிண்டன். பேசினால் நல்லாயிருக்கும் எண்டும் இருந்துது. நான் சின்னனிலை செய்த எல்லாப் பிழைக்கும் அவரிட்டை ஒரு பேச்சு இருந்தது, இதுக்கும் இருக்கும் எண்டு நினைச்சன்.

"அப்ப உன்னைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்களோ?"

"தெரியாது, ஐயா."

மற்றப் பக்கம் மூச்சு இழுக்கிறது கேட்டுது.

"நீ வரப்படாது. என்ன நடந்தாலும் உந்த வீட்டை நினைச்சு வெளிக்கிட்டு வந்திடாதை. விளங்கிச்சுதோ?"

ஓம் எண்டன்.  வியாழக்கிழமை நாள் நல்லாய் இருக்குது, தான் பாலைக் காய்ச்சுறன் எண்டு சொன்னார். பிறகு, வேலையிலை கையைத் தண்ணியிலை கனநேரம் வைச்சிருந்தால் விரல் இடுக்கு வெடிக்கும், தேங்காயெண்ணெய் பூசு எண்டார். ரெலிபோனைக் கடைக்காரரிட்டைக் குடுக்கிற சத்தம் கேட்டுது.

வியாழன் நடந்ததை அக்கா பிறகு சொன்னா. ஐயா வாசலிலை கனநேரம் நிண்டவராம். கையிலை பால் சட்டி. அக்கா பின்னாலை, பிள்ளையள் அதுக்குப் பின்னாலை. மழை எல்லாற்றை முதுகிலையும் விழுந்துகொண்டிருக்க, போங்கோ ஐயா எண்டு அக்கா சொல்லப் பயந்துகொண்டு நிண்டவவாம். பிறகு அவர் வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு படியேறி உள்ளுக்கை போயிருக்கிறார். அண்டைக்கு எல்லாரும் கூடத்திலை வரிசையாய்ப் பாய் போட்டுப் படுத்திருக்கினம். எல்லாரும் படுத்த பிறகு ஐயா படுத்தாராம்.

அதுக்குப் பிறகும் நான் ஞாயிறு ஞாயிறு எடுத்தன். அவர் நெஞ்சு இழுக்கிறதைப் பற்றிச் சொல்லுவார், பிள்ளையளின்ரை படிப்பைச் சொல்லுவார், கிணத்துத் தண்ணி உப்பாய் வருது எண்டு சொல்லுவார். என்ரை பகிடிக்கும் சிரிப்பார். எப்ப வாறாய் எண்டு மட்டும் கேக்கிறதில்லை. அந்த இடம் வரும், அதிலை வைச்சு அவர், சரி, ரெலிபோனை வைக்கட்டே எண்டுவார்.