மருமகள் கடிதத்தில் நான் போட்ட ஒற்றுகள்

என் மருமகள் ஒரு காமிக்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை நான் கெடுத்தேன். பிறகு, அவள் எழுதாத கடிதம் ஒன்றை அவள் பெயரில் அனுப்பினேன். கேட்பவர்களுக்கு இரண்டும் சின்ன விஷயம். எங்கள் வீட்டில் அப்படி இருக்கவில்லை.

மகனுக்கு அனுப்பர்பாளையத்தில் சிறிய தையல் யூனிட். மருமகள் வேறொரு கம்பெனியில் குழந்தைகள் பனியனுக்குப் படம் வரைகிறாள். கண்ணாடி போட்ட ஆந்தை, சைக்கிள் ஓட்டும் டைனோசர். ஆர்டர் கொடுக்கும் பையர் சொன்னால் ஆந்தையின் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். மறுநாள் வேறு மாதிரி சொன்னால் மாட்ட வேண்டும். தானாக ஒன்றை நினைத்து வரைய அங்கே இடமில்லை. அந்த ஆசையெல்லாம், மாதம் ஒரு முறை கூரியரில் வரும் ஒரு தமிழ்க் காமிக்ஸின் மேல் இருந்தது. உறையைக் கிழித்ததும் வாசகர் கடிதப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பாள்.

"கதைய உட்டுப்போட்டு இதையேன் கண்ணு மொதல்ல படிக்கறே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மாமா, இப்ப இதுல படம் போடறவரு முன்னால இந்தப் பக்கத்துல எழுதிட்டு இருந்தவருங்க. குதிரைக்கு முட்டி எந்தப் பக்கம் மடங்கும்னு கூடத் தெரியாதான்னு திட்டி எழுதுனாராம். ஆசிரியரு, அப்ப நீங்களே வரைஞ்சு அனுப்புங்கன்னுட்டாரு. அப்படி உள்ள வந்தவருதானுங்க. கதை எழுதற அம்மாவும் இதே வழிதான்."

அவளுக்கும் அந்த வழியில் ஒரு கண் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. தான் எழுதிய கடிதத்தை நீட்டி, "தப்பிருந்தா பாருங்க மாமா" என்றாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தமிழ் நடத்தியவனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் எழுதியிருந்தது இதுதான்: "போன மாசக் கதைல நம்ம ஆளு மழைல அவ்ளோ தூரம் ஓடறான், பனியன் முதுகுல ஒட்டவே இல்லீங்க. காட்டன் நனைஞ்சா ஒட்டும், கீழ் மடிப்பு கனம் தாங்காம தொங்கும். அவனுக்கு மட்டும் தனி மழையா? ஆனா அந்த ரெண்டு பக்கம் பேச்சே இல்லாம உட்டீங்க பாருங்க, அங்க எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு."

நான் பேனாவை எடுத்தேன். முதலில் ஒற்றுகளைப் போட்டேன். பிறகு "மழைல" என்பதை "மழையில்" ஆக்கினேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் முடித்தபோது கடிதம் இப்படி ஆகியிருந்தது: "மழைக்காட்சியில் ஆடையின் இயல்பு கருத்தில் கொள்ளப்படவில்லை. எனினும், உரையாடலைத் தவிர்த்த உத்தி உள்ளத்தை உருக்கியது." தனி மழையை அடித்துவிட்டேன். கேலி, மரியாதைக் குறைவு என்று பட்டது.

அவள் படித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க மாமா" என்றாள். அப்படியே அனுப்பினாள். அடுத்த இதழில் அச்சாகியும் வந்தது. கீழே ஆசிரியரின் பதில்: "தங்களைப் போன்ற மூத்த வாசகியரின் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும், அம்மா."

மகன் அதைச் சத்தமாகப் படித்தான். மனைவியைப் பார்த்துக் கைகூப்பி, "ஏனுங் பெரியாத்தா, மூட்டு வலியெல்லாம் எப்படி இருக்குதுங்க?" என்றான். அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு எழுதவில்லை. கேட்டால், "வேலை இருக்குதுங்க மாமா" என்றாள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கூச்சம். அச்சில் வந்த அந்த வாக்கியங்கள் என்னுடையவை. யாரும் இல்லாதபோது அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என் பாடங்களைப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். என் வரி ஒன்றுகூட அதுவரை எங்கும் அச்சானதில்லை. அவள் விட்ட தொடர்ச்சியைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னொரு கடிதம் எழுதி, அவள் பெயரைப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். படங்களில் வசனம் எழுதும் பலூன்களில் ஒற்றுப் பிழை மலிந்திருப்பதாகவும், எழுத்தறியாதவர் கையில் தூரிகை இருப்பது மொழிக்குக் கேடு என்றும் அதில் கண்டித்திருந்தேன். படத்துக்குள் எழுத்தையும் எழுதுகிறவர் அவளுக்கு மிகப் பிடித்த அந்த ஓவியர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

அந்த இதழ் வந்த அன்று அவள் கடிதப் பக்கத்தைத் திறந்தபடி என் அறை வாசலில் நின்றாள்.

"மாமா, இதை நான் எழுதலீங்களே."

"நாந்தான் எழுதுனேன் கண்ணு."

அவள் கோபப்படவில்லை. பக்கத்தைத் திருப்பி, எதிரே இருந்த அறிவிப்பைக் காட்டினாள். கடிதம் எழுதும் வாசகர்கள் ஒரு பக்கக் கதை வரைந்து அனுப்பலாம். தேர்ந்தெடுப்பவர் அந்த ஓவியர்.

"இத்தனை நாளு இதுக்குத்தானுங்க காத்திட்டு இருந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டு அனுப்பறது? என் பேரப் பாத்ததும் அவருக்கு இந்தத் திட்டுதான ஞாபகம் வரும்?"



அன்றைக்கே ஆசிரியருக்கு உண்மையை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும், அவளுக்குத் தெரியாமல் இனி எதுவும் போகக் கூடாது என்று தோன்றியது. கொண்டுபோய்க் கொடுத்து, "தப்பிருந்தா பாரு" என்றேன். அவள் சமையல் மேடையில் வைத்துப் படித்தாள். "தாங்கள் பெருந்தன்மையுடன் பொறுத்தருள வேண்டுகிறேன்" என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"மாமா, இது மன்னிப்புக் கேக்கறதுங்களா, பாராட்டு விழாங்களா?"

முக்கால்வாசியை அடித்தாள். மிஞ்சியது இவ்வளவுதான்: "அந்தக் கடிதம் என் மருமகள் எழுதியதல்ல. நான் எழுதி அவள் பெயரைப் போட்டேன். முதல் கடிதத்தையும் நான்தான் மாற்றிக் கெடுத்தேன். ஓவியரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." அதன் கீழே, அவளுடைய முதல் கடிதத்தை அவள் எழுதியபடியே அவளே எழுதி, தன் போன் நம்பரையும் போட்டாள். தனி மழை திரும்ப வந்தது.

ஆசிரியரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு மத்தியானம் அந்த ஓவியரே அவளுடைய போனுக்குக் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, அந்தத் தனி மழைன்னு எழுதுனது நீங்கதானா?"

"ஆமாங்க."

"நாலு நாளா சிரிச்சுட்டிருக்கேன். சரி, நனைஞ்ச பனியன் எப்படி ஒட்டும்னு அந்த ஒரு பக்கக் கதைல வரைஞ்சு காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்." பிறகு, "பெரியவரு பக்கத்துல இருந்தா சொல்லுங்க, ஒற்றுல பாதி அவரு சொன்னது சரிதான்" என்றார். அந்தப் பாதி எனக்கு இப்போது தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் மகனுக்குப் பனியனை மாட்டி வாளித் தண்ணீரை ஊற்றினாள். "லோடு அனுப்போணும், ஆள உடு அம்முணி" என்று அவன் கத்தினான். "ஓடுங்க, அங்கிருந்து இங்க ஓடுங்க" என்று விரட்டி விரட்டி வரைந்தாள். என் கையில் குடையைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னாள். படத்தில், மழைக்கு ஒதுங்கி நின்று, ஓடுகிறவனை வேடிக்கை பார்க்கும் கிழவன் நான்.

பக்கம் முடிந்ததும் காட்டினாள். பனியன் முதுகில் ஒட்டி, கீழே கனத்துத் தொங்கியது. ஓடுகிறவன் பேசும் ஒரு பலூனில் "துண்ட குடு" என்று இருந்தது. நடுவில் ஒரு க் வேண்டும். என் கண் அங்கேயே நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.

"அது வெச்சா பலூன் அவரு மூக்குல இடிக்குதுங்க மாமா."

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

குடையோடு நின்ற கிழவனின் தலைக்கு மேல் இடம் காலியாகவே இருந்தது. "இவனுக்குப் பேச்சு ஏதும் இல்லையா?" என்று கேட்டேன்.

"பெரியவருக்கு வசனம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, தாளை உறைக்குள் போட்டாள்.

அனுப்பியாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. நேற்று அவள் இரண்டாவது பக்கம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறாள். யாரும் கேட்காமலே.